ஆற்றுணா: கானகச் சுற்றுலாவும் உணவுத் திட்டமும்

முன்னுரை

வழிச்செல்வோர் உடன்கொண்டு செல்லும் உணவைப் பண்டைத் தமிழர் ஆற்றுணா என்றனர். ஆறு என்பது வழி. வழியில் உண்பதற்கு உரியது ஆற்றுணா. மிகக் கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலால், அவர் ஆற்றுணாச் சுமந்து செல்ல வேண்டியதில்லை என்னும் கருத்தினைப் பழமொழி நானூற்றில் காண்கிறோம். அப்பாடலை வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்தி வந்த நாம், அதன் பொருளை அப்படியே நம்பிவிட்டோம் போலும். ஆற்றுணா இன்றி நாற்பத்திரண்டு மாணவர்களை ஒருமுறை கானகத்திற்கு அழைத்துச் சென்றோம். நம் கல்வி அப்பாடல் கூறும் அளவினதன்று என்பதை அன்று மாலையே உணர்ந்துகொண்டோம்.

கல்விச் சுற்றுலா என்றால் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுகிறோம். பேருந்துக்கு முன்பணம் தருகிறோம். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் பெறுகிறோம். உண்பது எங்கே, எப்போது, எதனை என்னும் வினாவை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நகரச் சுற்றுலாவில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. தெருவுக்கு ஓர் உணவகம் உண்டு. தேசியப் பூங்காவில் அவ்வாறன்று. அங்கே உணவு கிடைக்காமையும் இடர். கொண்டு சென்ற உணவை முறையின்றிக் கையாள்வதும் இடர். முன்னது நமக்குத் தீங்கு. பின்னது விலங்குகளுக்குத் தீங்கு. இவ்விரண்டையும் முதுமலையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுமலை

நீலகிரி மாவட்டத்தில், தமிழகமும் கருநாடகமும் கேரளமும் கூடும் எல்லையில் அமைந்துள்ளது முதுமலைக் காடு. 1940 இல் இது வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1990 இல் இதன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 103 சதுர கிலோமீட்டர் பரப்புத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2007 இல் புலிகள் காப்பகம் என்னும் தகுதியும் சேர்ந்தது. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு எனக் காடு தொடர்ந்து செல்கிறது. மாயாறு இதனூடே பாய்கிறது. யானையும் காட்டெருதும் புள்ளிமானும் கடமானும் புலியும் சிறுத்தையும் செந்நாயும் வாழும் இடம் இது. குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய மக்கள் நெடுங்காலமாக இக்காட்டையும் இதன் சுற்றுப்புறத்தையும் வாழிடமாகக் கொண்டுள்ளனர்.

பூங்காவின் வாயில் எனத்தக்கது தெப்பக்காடு. அங்குள்ள யானை முகாம் உலகறிந்தது. அங்கே யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய ஆவணப்படம் 2023 இல் ஆஸ்கார் விருது பெற்ற செய்தியை மாணவர் அனைவரும் அறிவர்.

பசித்த பிள்ளைகளும் பசியாறிய யானைகளும்

2018 பிப்ரவரியில் எம் துறை மாணவர் நாற்பத்திரண்டு பேரும் ஆசிரியர் நால்வரும் முதுமலைக்குப் புறப்பட்டோம். இரவெல்லாம் பயணம் செய்து விடியலில் மேட்டுப்பாளையத்தில் இட்டிலி உண்டோம். உதகையில் தாவரவியல் பூங்காவைக் கண்டு, நண்பகலில் கல்லட்டி வழியே இறங்கி, ஒன்றரை மணிக்கு மசினகுடியில் உணவு கொள்வது எம் திட்டம். வரைபடத்தில் அவ்வழி முப்பது கிலோமீட்டர்தான். எம் பேருந்து ஓட்டுநரோ, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அச்சரிவில் இத்தனை நீளமான வண்டியை இறக்க இயலாது என்று கூறிவிட்டார். கூடலூர் வழியே சுற்றினால் ஏறத்தாழ 67 கிலோமீட்டர். உதகையிலேயே உண்டுவிட்டுச் செல்வோம் என்று ஒருவரும் கூறவில்லை. கூடலூரை அடைந்தபோதும், மாலையில் யானைகளுக்கு உணவூட்டும் காட்சி தவறிவிடும் என்று அஞ்சி, நில்லாமல் வந்தோம். ஒரு பிழையை மறைக்க மற்றொரு பிழை.

தெப்பக்காட்டை அடைந்தபோது மணி நான்கைக் கடந்திருந்தது. அங்கிருந்த சிறு சிற்றுண்டிச் சாலையில் சோறு தீர்ந்து நெடுநேரமாகியிருந்தது. தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. நாற்பத்தாறு பேருக்கு அவையும் போதவில்லை. சிலர் வறுவல் பொட்டலங்களை வாங்கினர். ஒரு மாணவர் பொட்டலத்தைப் பிரித்த கணத்தில் குரங்கொன்று பாய்ந்து பறித்துச் சென்றது. மாணவர் சிரித்தனர். சற்று நேரத்தில், குரங்கு எறிந்த அப்பொட்டலத்தை ஒரு புள்ளிமான் உப்புக்காக நக்கிக்கொண்டிருந்தது. அப்போது எவரும் சிரிக்கவில்லை.

அதனினும் பெரிய இடர் காத்திருந்தது. எம் மாணவர் ஒருவர் சிறு வயது முதலே நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். காலையில் ஊசி போட்டுக்கொண்ட அவர், நண்பகல் உணவு தவறியதைச் சொல்லக் கூச்சப்பட்டு வாளாவிருந்தார். முகாமின் வேலியருகே நின்றவர் வியர்த்து, கை நடுங்கி, தொடர்பின்றிப் பேசலானார். மயக்கம் என்று எண்ணி அவரைப் படுக்கவைக்க முனைந்தோம். எம்முடன் வந்த பேராசிரியர் ஒருவரின் தந்தையார்க்கும் அந்நோய் உண்டு; அவர்தாம் இது சர்க்கரை தாழ்ந்த நிலை என்று உணர்ந்தார். எம் கைகளில் சர்க்கரை ஒரு சிட்டிகையும் இல்லை. அருகில் நின்ற முகாம் பெண்மணி ஒருவர் தம் வீட்டுக்கு ஓடி வெல்லக்கட்டியும் தண்ணீரும் கொணர்ந்தார். "முதல்ல இதக் குடுங்க சார், கேள்வி பொறகு கேக்கலாம்" என்றார். மாணவர்க்கு விழுங்கும் உணர்வு இருந்ததால் வெல்லத்தை வாயிலிட்டோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். எல்லாப் புகழும் இறைவனுக்கே.

அவர் தெளிந்து அமர்ந்த வேளையில் யானைகளுக்கு உணவு நேரமாயிற்று. ராகிக் களி, சோறு, வேகவைத்த கொள்ளு, வெல்லம், உப்பு, தாது உப்பு ஆகியவற்றைப் பெரிய உருண்டைகளாகப் பிடித்துப் பாகர்கள் யானைகளின் வாயில் ஊட்டினர். ஒவ்வொரு யானைக்கும் எது, எவ்வளவு என்பது அதன் அகவைக்கும் எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப வகுக்கப்பட்டுள்ளது. மருத்துவர் சொன்ன மருந்தும் அவ்வுருண்டைக்குள்ளேயே செல்கிறது. வேளையும் தவறுவதில்லை. முகாமில் அத்தனை யானைகளும் திட்டத்துடன் உண்டன. நாம் அழைத்துச் சென்ற பிள்ளைகளோ காலை ஆறு மணிக்குப் பின் ஒன்றும் உண்ணாது வேலிக்கு அப்பால் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆசிரியர் என்ற முறையில் அன்று நாணினோம்.

ஆற்றுப்படை காட்டும் வழியுணவு

ஊர் திரும்பிய பின் பத்துப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் பயின்றோம். 1889 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூல் தொகுதியில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கும் பரிசில் பெற்றோர் பெறாதோர்க்கு வள்ளலிடம் செல்லும் நெறியைக் காட்டுவன. அவற்றை வள்ளலின் கொடைச்சிறப்பு நோக்கியே பயில்கிறோம். வழியுணவு நோக்கில் பயின்றால் அவை வேறொரு முகம் காட்டுகின்றன.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் வழிநெடுக எந்நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்று உரைக்கிறது. நெய்தலில் சுட்ட மீன். வேட்டுவர் ஊரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். மருதத்தில் வெண்சோறும் நண்டுக் கலவையும் எனப் பட்டியல் நீள்கிறது. நிலம் மாறும்போது உணவும் மாறும் என்னும் உண்மையை அறிந்தே புலவர் வகுத்துள்ளார். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் மகளிர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்துச் சமைக்கும் காட்சி வருகிறது. வறண்ட நிலத்தில் உணவு எத்துணை அரியது என்பதை அஃது உணர்த்துகிறது.

கானகப் பயணத்திற்கு மிகவும் பொருந்துவது மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. இதில் இடர்களும் உணவும் இணைத்தே கூறப்படுகின்றன. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள வழியை விடிந்த பின்னரே கடக்க வேண்டும் என்கிறார் புலவர். பாம்புகள் உறையும் குழிகளையும் வழுக்கும் பாறைகளையும் எச்சரிக்கிறார். தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் வழிப்போவார் மேலும் படக்கூடும் என்று அறிவுறுத்துகிறார். இரவில் குகைகளில் தங்குமாறு கூறுகிறார். உணவோ, மலைச் சிற்றூரில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும். பின்னர் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் கூட்டிச் சமைத்த புளிங்கூழ். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் என்று சொன்னால் போதும். சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையலாம்.

இப்பாட்டில் மலையில் எழும் பல்வகை ஓசைகளுள், பாகர் கலப்புமொழி பேசி யானையைப் பழக்கும் ஓசையும் ஒன்று. தெப்பக்காட்டில் பாகர்கள் யானையோடு பேசிய சொற்களைக் கேட்டபோது எமக்கு அவ்விடமே நினைவுக்கு வந்தது. மூங்கிலரிசியும் பழங்கதையன்று. முள்மூங்கில் ஏறத்தாழ நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, நெல்போன்ற அரிசி தந்து மடிகிறது. நீலகிரி, வயநாட்டுக் காடுகளில் அவ்வரிசி இன்றும் சேகரிக்கப்படுகிறது.

புலவர் தந்த பாடத்தை மூன்றாகச் சுருக்கலாம். எவ்விடத்தில் என்ன கிடைக்கும் என்பதை முன்பே அறிதல், பொழுதறிந்து செல்லுதல், அவ்விடத்து மக்களை மதித்து நடத்தல். இம்மூன்றிலும் நாம் தவறியிருந்தோம்.

அன்றும் இன்றும்

எனினும் சங்ககாலக் கூத்தரைப்போல் காட்டை நம்பி இன்று செல்லுதல் ஆகாது. அன்று சென்றவர் ஒரு சிறு குழுவினர். இன்று செல்வோர் விடுமுறை நாள்களில் ஆயிரக்கணக்கானோர். அன்று காடு பரந்திருந்தது. இன்று சாலைகளுக்கிடையே ஒடுங்கியிருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் விலங்குகளைச் சீண்டுவதையும், குப்பை போடுவதையும், காட்டுக்கு ஊறு நேரும் வகையில் தீ மூட்டுவதையும் தடுக்கிறது. ஆகவே வழியோரத்தில் அடுப்புக் கூட்டிச் சமைக்கும் பழைய சுற்றுலா வழக்கம் இங்கே அறவே கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இக்காடு காய்ந்து கிடக்கும். 2019 பிப்ரவரியில் அடுத்துள்ள பந்திப்பூரில் பரவிய தீ ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை எரித்தது.

உணவு கிடைக்குமிடங்கள்

முதுமலைக்குச் செல்வோர் மூன்று இடங்களை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது தெப்பக்காடு. இங்குத் தேநீரும் சிற்றுண்டியும் கிடைக்கும். பெருங்குழுவுக்கு வேண்டிய முழு உணவை எதிர்பார்க்கலாகாது. வனத்துறை விடுதிகளில் தங்குவோர், உணவு உண்டா, எத்தனை பேருக்கு, எப்போது சொல்ல வேண்டும் என்பதை அறை பதியும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது மசினகுடி. தெப்பக்காட்டிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர். சிற்றுணவகங்களும் மளிகைக் கடைகளும் உண்டு. முப்பது பேருக்கு மேற்பட்ட குழுவாயின் முதல்நாளே சொல்லிவைத்தால் அவர்களுக்கும் நலம், நமக்கும் நலம். சுற்றுவட்டாரத்தில் முன்பு இயங்கிய தங்குமிடங்கள் பல இப்போது இல்லை. சீகூர் யானை வழித்தடம் பற்றிய தமிழக அரசின் 2010 ஆம் ஆண்டு அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலால் பழைய நண்பர்கள் சொல்லும் முகவரியை நம்பிச் செல்லாமல் விசாரித்துச் செல்லுதல் நன்று.

மூன்றாவது கூடலூர். தெப்பக்காட்டிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர். இது நகரம், சைவ உணவகம், இசுலாமியர் நடத்தும் உணவகம், பள்ளிவாசல், மருந்துக்கடை, மருத்துவமனை யாவும் உண்டு. முழு உணவை இங்கு முடித்துக்கொண்டு காட்டினுள் நுழைவதே சிறந்தது.

பொழுதும் கருதத்தக்கது. வனத்துறையின் வண்டிகளில் காட்டினுள் செல்லும்போது இறங்குவதற்கோ உண்பதற்கோ இடமில்லை. புறப்படுமுன்னரே பசியாறியிருக்க வேண்டும். இருட்டிய பின் உணவு தேடிச் சாலையில் அலைதல் கூடாது. பந்திப்பூர் வழியே செல்லும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை பொதுப்போக்குவரத்துக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. நீலகிரிக்கு வரும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இணையவழி அனுமதிச்சீட்டு முறை ஏற்பட்டது. இவற்றின் அன்றைய நிலையைப் புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும்.

கட்டுச்சோற்றின் இலக்கணம்

கையில் கொண்டு செல்லும் உணவுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். விரைவில் கெடாமை, சமைக்காமலும் சூடாக்காமலும் உண்ணத்தக்கதாக இருத்தல், குப்பை மிகாமை.

நம் அன்னையர் அறிந்த புளியோதரைக்கு நிகர் இல்லை. நல்லெண்ணெயும் புளியும் அதனைக் காக்கின்றன. ஆயினும் சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி நன்கு ஆறவிட்ட பின்னரே கட்ட வேண்டும். சூடாக மூடினால் நீர் கோத்து நண்பகலுக்குள் நைந்துவிடும். ஒரு கிலோ அரிசிச் சோறு ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் போதும். எம்போன்ற நாற்பத்தாறு பேர் குழுவுக்கு ஆறு கிலோ. மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலி, சப்பாத்தி, அவித்த முட்டை ஆகியனவும் பொருந்தும். தேங்காய்ச் சட்டினியும் தேங்காய்ச் சோறும் விரைவில் கெடுமாதலின் தவிர்க்க. சிற்றுண்டிக்குப் பொரிகடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். கீழக்கரைப் பக்கத்தில் கடற்பயணத்தார்க்கும் வெளிநாடு செல்வார்க்கும் கட்டித்தரும் ஓட்டுமாவும் தொதலும் பல நாள் கெடாதவை. அவற்றை ஒரு டப்பாவில் வைத்திருந்தால் நாற்பது பேரின் மாலைப்பசி அடங்கும்.

தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. நீலகிரி மாவட்டத்திலோ அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பிளாஸ்டிக் கட்டுப்பாடு உண்டு. சிறு தண்ணீர்ப் புட்டிகளும் அங்கு ஆகா. எனவே எவர்சில்வர்க் குடுவையும் தூக்குவாளியும் கொண்டு செல்க. சோற்றை வாழையிலையிலோ மந்தாரையிலையிலோ கட்டுக. உண்ட இலையும் பழத்தோலும் மக்குவனதாமே என்று காட்டில் எறிதலும் பிழை. அவற்றில் ஒட்டிய உப்பும் எண்ணெயும் விலங்குகளைச் சாலைக்கு இழுக்கும். ஒரு சாக்குப்பையில் இட்டு ஊருக்கே கொண்டுவருதல் வேண்டும்.

இவற்றோடு, குழுவில் நோயுற்றோர் யார் என்பதைப் புறப்படுமுன் ஆசிரியர் தனித்துக் கேட்டறிய வேண்டும். பலர்முன் கேட்டால் மாணவர் சொல்லார். இன்சுலின் போடுவோர் அருகிலேயே சர்க்கரை இருக்க வேண்டும். உணர்விழந்தவர் வாயில் எதனையும் ஊட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அனைவர்க்கும் ஒரு பந்தி

எம் கல்லூரியில் பல சமயத்து மாணவர் பயில்கின்றனர். ஹலால் என்று உறுதியில்லாத இறைச்சியை உண்ணாதோர் உளர். இறைச்சியையே உண்ணாதோர் உளர். வெள்ளிக்கிழமை நோன்பிருக்கும் இந்து மாணவியரும் உளர். முதற் பயணத்தில் ஆளுக்கொரு கடை தேடிச் சிதறினோம். அடுத்த பயணத்திற்கு முன் துறைக் கூட்டத்தில் இதனைப் பேசினோம். காட்டிற்குள் இருக்கும் பொழுது முழுவதும் பொதுவுணவு சைவம் என்று முடிவாயிற்று. "பிரியாணி இல்லாத சுற்றுலாவும் ஒரு சுற்றுலாவா, ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். இரவுணவு கூடலூரில், அவரவர் விரும்பும் உணவகத்தில் என்று சொன்ன பின் அமைதியுற்றார். பயணிக்கு நோன்பிலும் தொழுகையிலும் மார்க்கம் சலுகை தந்துள்ளது. எனினும் குழுச் சுற்றுலாவை ரமலான் அல்லாத மாதத்தில் வைப்பதே எல்லார்க்கும் எளிது.

ஊட்டுதல் அறமா?

பசித்த உயிர்க்கு உணவளித்தல் அறம் அன்றோ, குரங்குக்கு ஒரு பழம் தந்தால் என்ன என்று மாணவர் வினவுவதுண்டு. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவரை இறைவன் மன்னித்தான் என்னும் நபிமொழியையும் சுட்டுவர். இவ்வினா ஆழ்ந்து விடைகூறத்தக்கது.

அந்நாய் தாகத்தால் சாகும் நிலையில் இருந்தது. தானே நீர் பெற அதற்கு வழியில்லை. காட்டுக் குரங்கு அந்நிலையில் இல்லை. அதற்குக் காடு உணவு வைத்திருக்கிறது. நாம் தரும் வறுவல் அதன் பசியைத் தீர்ப்பதில்லை. அதனைச் சாலையோரத்து இரவலாக்குகிறது. இரவலான விலங்கு வண்டிச் சக்கரத்தில் மடிகிறது, கொடாதவரைக் கடிக்கிறது.

மசினகுடிப் பகுதியில் ரிவால்டோ என்று மக்கள் பெயரிட்ட காட்டு யானையின் வரலாறு இதற்குச் சான்று. மனிதர் அளித்த பழங்களுக்குப் பழகி அது குடியிருப்புகளை நாடிவரலாயிற்று. 2021 மே மாதத்தில் வனத்துறையினர் அதனை மரக்கூண்டில் அடைத்தனர். ஆகஸ்டில் தொலைவான காட்டில் விடுவித்தனர். அதுவோ நெடுந்தொலைவு நடந்து சில நாள்களிலேயே பழகிய இடத்தருகே திரும்பிவிட்டது. அன்பு என்று எண்ணி நீட்டிய பழம் அதனைச் சில மாதம் சிறையிருக்கச் செய்தது.

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் உண்டு. வேடன் வலையில் அகப்பட்ட பிணைமான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடுமாறு பெருமானாரிடம் முறையிடுகிறது. அவர்கள் அதற்குப் பிணையாக நின்று விடுவிக்கச் செய்கின்றார்கள். மான் சொன்ன சொல் தவறாது கன்றோடு மீள்கிறது. இங்கு ஒன்று கருதத்தக்கது. அம்மானுக்குக் காட்டப்பட்ட கருணை, அதனைக் கையருகே நிறுத்திப் பழக்குவதன்று. அதனை அதன் காட்டிற்கும் கன்றிற்கும் திருப்பி அனுப்புவது. காட்டுயிர்க்கு நாம் செய்யத்தக்க அறமும் அதுவே. வழியில் கிடக்கும் தீங்கானதை அகற்றுதல் இறைநம்பிக்கையின் ஒரு கூறு என்று மார்க்கம் கற்பிக்கிறது. காட்டுவழியில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பைக்குள் இடுபவர், மானுக்குப் பழம் நீட்டுபவரினும் மேலான கொடையாளர் என்று துணிந்து கூறலாம்.

இரண்டாம் பயணம்

2025 சனவரியில் மீண்டும் முதுமலை சென்றோம். அனுமதிச்சீட்டு முன்பே பெறப்பட்டிருந்தது. காலையுணவு மேட்டுப்பாளையத்தில்; பத்தரை மணிக்குப் பேருந்தினுள்ளேயே கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும்; பன்னிரண்டரைக்குக் கூடலூரில் ஒரு மண்டபத்தில் புளியோதரைப் பொதிகளை அவிழ்த்தோம். நம் ஊர்த் திருமண வீடுகளில் சஹனைச் சூழ்ந்து அமர்வதுபோல் மாணவர் நால்வர் நால்வராக வட்டமிட்டு அமர்ந்து உண்டனர். யாருடைய வீட்டுப் புளியோதரை சிறந்தது என்னும் பட்டிமன்றமும் நடந்தது. காட்டினுள் ஒருவரும் பொட்டலம் பிரிக்கவில்லை. குரங்குகள் பேருந்தைச் சுற்றி வந்து, கிடைப்பதொன்றும் இல்லையென்று கண்டு மரமேறின. எம் சாக்குப்பையில் எமது குப்பையோடு பிறர் எறிந்த குப்பையும் ஊர் வந்து சேர்ந்தது.

தெப்பக்காட்டில் முன்பு வெல்லம் தந்த பெண்மணியைத் தேடினோம். அவர் வேறிடம் சென்றிருந்தார். கொண்டு சென்ற ஓட்டுமாவு டப்பாவை அங்கிருந்த பாகர் குடும்பங்களின் குழந்தைகளிடம் கொடுத்துவந்தோம். அன்று மயங்கிய மாணவர் இன்று வேறொரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார். தம் மாணவரை எங்கு அழைத்துச் சென்றாலும் சட்டைப்பையில் வெல்லக்கட்டி வைத்திருப்பதாக எமக்கு எழுதியுள்ளார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கானகச் சுற்றுலாவில் உணவுத் திட்டம் என்பது வயிற்றுக்கான ஏற்பாடு மட்டுமன்று என்பது புலனாகும். உடன் வருவோரின் உடல்நிலையையும் கொள்கையையும் மதித்தல் அதில் அடங்கும். காட்டுயிர்க்குத் தீங்கு செய்யாமையும் அதில் அடங்கும். ஆற்றுப்படைப் புலவர் தாம் நடந்த வழியின் இடரையும் உணவையும் பின்வருவோர்க்கு உரைத்தார். நாமும் நாம் நடந்து இடறிய வழியைப் பின்வரும் மாணவர்க்கு உரைத்துள்ளோம். அடுத்த ஆண்டு முதுமலைக்கோ வேறு கானகத்திற்கோ செல்லும் துறையினர், பேருந்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே ஆற்றுணாவுக்கும் ஒரு தாள் ஒதுக்கி எழுதுவாராயின் இக்கட்டுரை பயன்பெற்றதாகும். செல்வோர் நலமுடன் சென்று, பசியின்றி மீண்டு, காட்டைக் கண்டவாறே விட்டுவர எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.